வெயில் பட்ட பால்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாலைப் பீய்ச்சி ஊற்றுவதுதான் பிரகதாம்பாளுக்கு முதல் வேலை. கைப்பையை ஆணியில் மாட்டிய கையோடு, அடுப்படி மாடத்திலிருக்கும் தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், துவைக்கிற கல்லில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து ரவிக்கையின் கீழ் ஊக்குகளை அவிழ்ப்பாள். காலையிலிருந்து கட்டி நின்ற பால் முதலில் சொட்டாக வரும், பிறகு நூலாக. வீட்டுக்குள் அவளுடைய பிள்ளை ராசாத்தி, நாலு மாதக் குழந்தை, பசியில் கத்திக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் கையே வைக்க வேண்டாம், பால் தானாகப் பீறிடும். ஒரு சிரட்டை நிரம்பி இன்னொன்றில் பாதி வந்துவிடும்.

அதைக் கண்ட இடத்தில் கொட்டவும் முடியாது. காலில் மிதிபட்டால் பிள்ளைக்கு ஆகாது. எறும்பு மொய்த்தால் பால் வற்றிப்போகும். வாழைப் பாத்தியில் ஊற்றி, மேலே ஒரு வாளித் தண்ணீர் விட்டு, வெள்ளை நிறம் மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

சட்டம் மருதாயி போட்டது. மருதாயி, பிரகதாம்பாளின் புருசன் நல்லதம்பிக்கு மூத்த அக்கா. தாலியறுத்துத் தம்பிகள் வீட்டுக்கு வந்து இருபது வருசமாகிறது. பெற்றவர்கள் போன பிறகு தம்பிகள் இருவரையும் ஆளாக்கியதும், கோகர்ணத்துத் தெருவில் அந்த ஓட்டு வீட்டைக் கட்டிக் காத்ததும் அவள்தான். சத்தம் போட்டுப் பேசமாட்டாள்.

"பஸ்ஸுல வெந்துட்டு வந்திருக்கே. அந்தச் சூடு அம்புட்டும் பால்லதான் நிக்கும். அதையா பச்சப்புள்ள வயித்துல எறக்குறது? பீச்சிவிட்டுட்டு, காலக் கழுவிட்டு, செத்த நேரம் நெழல்ல உக்காரு. ஒடம்பு குளுரட்டும். பொறவு குடு."

உடம்பு குளிர்வதற்குள் பிள்ளையின் அழுகை உச்சிக்குப் போய்விடும். மருதாயியே பசும்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் ஊட்டிவிடுவாள். பிரகதாம்பாள் கால் கழுவி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும்போது ராசாத்தி உதட்டோரம் பால் காய, தூங்கிப்போயிருக்கும்.

ராசா ஆட்சியும் சமஸ்தானமும் போய் ஒன்பது வருசம் ஆகியிருந்த சமயம் அது. பிரகதாம்பாள் கல்யாணத்துக்கு முன்பே செகண்டரி கிரேடு டிரெயினிங் முடித்து வேலைக்குச் சேர்ந்தவள். கீரனூர்ப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. காலை எட்டு மணிக்குத் திருச்சி பஸ்ஸில் ஏறினால், திரும்பி இறங்கும்போது ஐந்தரை தாண்டிவிடும். பங்குனியில் பிள்ளை பெற்று, லீவு முடிந்து ஆனியில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். வேலையை விடச் சொல்லி வீட்டில் யாரும் சொல்லவில்லை. நல்லதம்பி கோர்ட்டில் குமாஸ்தா. ஒரு சம்பளத்தில் அந்த வீடு ஓடாது என்பது மருதாயிக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

பத்து மணியிலிருந்து நெஞ்சு கனக்கத் தொடங்கும். முதல் பீரியட் முடிவதற்குள் உள்ளே மடித்து வைத்த துணி நனைந்துவிடும். பிரகதாம்பாள் வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டே பாடம் நடத்துவாள். கரும்பலகையில் எழுதக் கை தூக்கினால் வலி கிண்ணென்று தோள்வரை ஏறும். அதற்காகவே வாய்ப்பாட்டைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்லிவிட்டுச் சன்னலோரம் நிற்பாள்.

அந்தச் சன்னலுக்கு வெளியே புளியமரம். அதில் ஒரு தூளி தொங்கும். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றுகிற மூக்காயியின் பிள்ளை அதில் கிடக்கும். ராசாத்தி வயதுதான். கத்தினால் மூக்காயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வேர்வையை முந்தானையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, வெயிலோடு வெயிலாக மரத்தில் சாய்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வாள். அது குடிக்கிற சத்தம் சன்னல்வரை கேட்கும்.

ஒருநாள் மணியடித்ததும் மூக்காயியே கேட்டுவிட்டாள்.

"என்ன டீச்சர், பால் கட்டிக்கிருச்சா? தோளு ஒரு பக்கமா நிக்குது."

"ஆமா."

"புள்ளையத் தூக்கிட்டு வந்துருங்களேன். இதுகூட அதுவும் கெடந்துட்டுப் போகுது. இவனுக்கும் பேச்சுத்தொணைக்கு ஆளில்ல."

பிரகதாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. "பஸ்ல கொண்டு வர விடமாட்டாங்க மூக்காயி. வெயில் பட்ட பால் ஆகாதும்பாங்க எங்க மதினி. உனக்கு அப்படியெல்லாம் இல்லையா?"

"எங்களுக்கு வெயில்லதானே டீச்சர் பாலே ஊறுது. அது ஆகாதுன்னா எங்க தெருவுல ஒரு புள்ள மிஞ்சியிருக்குமா?" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "ஒங்க வீட்டுப் புள்ளைக்கு வயிறு வேற மாதிரி இருக்குமோ என்னமோ."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் பிரகதாம்பாள் பஸ்ஸில் வரும்போது அதை நிசமாகவே யோசித்துக்கொண்டு வந்தாள். யோசித்து, அன்றைக்கு ஒரு முடிவுக்கும் வந்தாள்.

கொல்லைக்குப் போகவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்புத் தடம் பதிந்த கால்களோடு நேராக உள்ளே போய்த் தூளியிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள். ராசாத்தி அவள் கழுத்து வேர்வையை ஒருதரம் முகர்ந்துவிட்டு, முட்டிமோதி வாயை வைத்துக்கொண்டது. இரண்டு கைகளின் விரல்களும் ரவிக்கையைப் பற்றிக்கொண்டன.

மருதாயி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் சங்கு இருந்தது.

"வேணாந்தா," என்றாள். "பிரகதா, வேணாந்தா. எடுத்துரு."

பிரகதாம்பாள் எடுக்கவில்லை. பிள்ளை வயிறு நிறையக் குடித்தது.

மறுநாள் விடிகாலையில் ராசாத்திக்கு வயிற்றால் போயிற்று. நாலு தடவை, பச்சையாக. சங்கு எந்தத் தண்ணீரில் கழுவியது, பசும்பால் எத்தனை நாழிகை திறந்து கிடந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. பிரகதாம்பாளுக்கும் தோன்றவில்லை. மருதாயி குறை சொல்லாமல் வசம்பைச் சுட்டு உரைத்து ஊட்டினாள். நல்லதம்பி மட்டும், கோர்ட்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அக்கா சொன்னாக் கேட்டுக்க. அதுக்குத் தெரியும். அதுக்கு ஒரு புள்ள இருந்துச்சு."

பிரகதாம்பாள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நல்லதம்பிக்கும் முழுதாகத் தெரியாது, அவன் அப்போது சின்னப்பையன். மருதாயி கட்டிக்கொடுத்த ஊரில் கடலை பறிக்கப் போயிருந்தாளாம். உச்சி வெயிலில் இரண்டு மைல் ஓடிவந்து, வேர்வை அடங்காமல் பிள்ளைக்குக் கொடுத்தாளாம். அன்று சாயங்காலம் வயிற்றால் போக ஆரம்பித்து மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. பெத்தவளே வெயில் பாலைக் கொடுத்துக் கொன்னுட்டா என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். அதற்குப் பிறகு மருதாயிக்குப் பிள்ளை தங்கவில்லை. அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா, என்ன பேர் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் வாயிலிருந்து அது வந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் பிரகதாம்பாளை யாரும் கொல்லைக்குப் போகச் சொல்லவில்லை. அவளாகவே சிரட்டையை எடுத்துக்கொண்டு போனாள். கடைசிச் சொட்டுவரை பிழிந்தாள். வலித்த பிறகும் பிழிந்தாள்.

வீட்டில் இன்னொரு பிள்ளைக்காரியும் இருந்தாள். செவந்தி, நல்லதம்பியின் தம்பி பெண்டாட்டி. பத்தொன்பது வயது. அவள் மகன் அழகுமலை ராசாத்தியைவிட ஒரு மாதம் மூத்தவன். செவந்திக்கு வேலைவெட்டி என்று வெளியே போகத் தேவையில்லை. பகல் முழுக்கப் பிள்ளையோடு வீட்டில்தான். இருந்தும் அவளுக்குப் பால் பத்தவில்லை என்ற பயம். பிள்ளை சிணுங்கினால் பயம், தூங்கினாலும் பயம். பூண்டும் பால்சுறாப் புட்டும் ஆக்கிப் போட்டு ஆக்கிப் போட்டு, பால் ஊறியதா ஊறியதா என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு உள்ளது உள்ளே போயிற்று. பிரகதாம்பாள் சிரட்டையோடு கொல்லையில் இருக்கும்போது, சில நாள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்ப்பாள்.

"எம்புட்டுக்கா ஒனக்கு. எனக்கு இதுல கால்வாசி இருந்தாக்கூடப் போதும்."

"நீ வேற. ஊத்துறதுக்குத்தானே."

"ஊத்துறதுக்காச்சும் இருக்குல்ல."

இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். அந்தக் கொல்லையில் சிரித்ததுதான் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த நல்ல காலம்.

ராசாத்திக்கு வயிறு சரியானதும் மருதாயி அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் செவந்தியின் மடியில் போட்டாள்.

"எனக்கே இல்ல மதினி," என்றாள் செவந்தி.

"போட்டுப் பாரு. நெழல்ல இருக்குறவ பால். குளுந்த பால்."

முதல் வாரம் இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி அழுதன. இரண்டாவது வாரம் செவந்திக்கு ரவிக்கை நனைந்தது. இரண்டு வாய் இழுக்க இழுக்க, இல்லை என்று நினைத்தது எங்கிருந்தோ இறங்கி வந்தது. ஆவணி முடிவதற்குள் அவள் நடையே மாறிவிட்டது. யாராவது பூண்டு கொண்டுவந்தால், "எனக்கு எதுக்கு, ரெண்டு புள்ளைக்குக் குடுத்தும் மீறுது," என்பாள். குரலில் அத்தனை சந்தோசம். பிரகதாம்பாளால் அதைக் குறையாக நினைக்க முடியவில்லை. இவள் பிள்ளைக்குத்தானே அவள் கொடுக்கிறாள்.

இராத்திரியிலும் மருதாயி எழுந்துவந்து ராசாத்தியைத் தூக்கிக்கொண்டு போவாள். "நீ படு. காலையில பஸ்ஸு பிடிக்கணும்." அதுவும் நல்ல மனசுதான். அந்த வீட்டில் ஒருவரும் அவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஒத்தாசை செய்தார்கள், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு ஒரு சிரட்டைகூட நிரம்பவில்லை. கார்த்திகையில் அடி மட்டும் நனைந்தது. மார்கழியில் ஒருநாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெறும் சிரட்டையைக் கழுவி மாடத்தில் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பொங்கல் லீவு நாலு நாளும் பிள்ளையை மடியை விட்டு இறக்குவதில்லை என்று உட்கார்ந்தாள். மூக்காயிதான் சொல்லியனுப்பியிருந்தாள்: மடியிலேயே போட்டு வச்சிருங்க டீச்சர், வத்துன ஊத்து மறுபடியும் தொறக்கும். ராசாத்திக்குப் பத்து மாதம். இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு வாசல்பக்கம் கையை நீட்டி அழுதது. வாசலில் செவந்தி. ரவிக்கை நனைந்து நின்றாள்.

"குடுத்துரட்டாக்கா?"

பிரகதாம்பாள் கொடுத்தாள்.

பிள்ளை வளர்ந்தது. செவந்தியை ஆத்தா என்றது, பிரகதாம்பாளை அம்மா என்றது. வித்தியாசம் சொல்லில் இல்லை. காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் புரண்டு படுக்கிறது என்பதில் இருந்தது.

ராசாத்திக்கு நாலு வயதானபோது பிரகதாம்பாளைக் கந்தர்வகோட்டைக்கு மாற்றினார்கள். தினம் போய்வர முடியாத வேளைகெட்ட பஸ். பள்ளிக்கூடத்துக்கு எதிரில், பிச்சையம்மாள் என்று ஒரு வயதான விதவையின் வீட்டில் பின்கட்டு அறையை வாடகைக்குப் பிடித்தாள். ராசாத்தியையும் கூட்டிப் போனாள். மூன்று நாள் பிள்ளை சாப்பிடவில்லை. நாலாம் நாள் காய்ச்சலோடு திரும்பக் கொண்டுவந்து செவந்தியிடம் விட்டாள். நல்லதம்பிக்குக் கோர்ட்டை விட்டு வர முடியாது, சனிக்கிழமை மட்டும் வருவான். மற்ற நாளெல்லாம் ஒரு ஆளுக்கு உலை வைத்து, ஒரு ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டு, பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவாள். சன்னலுக்கு வெளியே முந்திரித் தோப்பு. ஆள் நடமாட்டம் குறைவு.

அந்த அறையிலிருந்துதான் இரண்டாவது பிள்ளையைப் பெறக் கோகர்ணத்துக்கு வந்தாள். பையன். நாகராசு என்று பேர் வைத்தார்கள். லீவு முடிகிற அன்று மருதாயி பிள்ளையின் துணிகளை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். இவனும் இங்கேதான் இருப்பான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

"இவனைக் கூட்டிட்டுப் போறேன் மதினி," என்றாள் பிரகதாம்பாள்.

"அங்க யாரு பாப்பா?"

"பிச்சையம்மா இருக்காங்க. பள்ளிக்கூடம் எதுத்தாப்புலதான்."

மருதாயி பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அவளிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது, "வெயில்ல வந்து குடுத்துராதே," என்றாள்.

முதல் நாள் இடைவேளை மணியடித்ததும் தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. பிரகதாம்பாளின் கால்கள் தாமாகவே அடுப்படிக்குப் போயின. கை மாடத்தைத் துழாவியது. அந்த வீட்டில் சிரட்டை இல்லை. காய் உடைத்த சிரட்டையை எல்லாம் பிச்சையம்மாள் அடுப்பெரிக்க எடுத்துப் போய்விடுவாள். இங்கிட்டும் அங்கிட்டும் தேடினாள். ஒரு டம்ளரை எடுத்தாள், வைத்தாள். இடைவேளை பத்து நிமிசம். வேர்வை வழிய அப்படியே தரையில் உட்கார்ந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பிள்ளையின் துணியை ஒவ்வொரு தடவையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் ஒன்றுமில்லை. ஒரு வாரம். ஒரு மாதம். வெயில் ஏறஏறப் பையன் கன்னம் உப்பியது. மணியடித்தால் அவனுக்குத் தெரிந்தது. தூளிக்குள் காலை உதைத்துக்கொண்டு கிடப்பான்.

அவளுக்கு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. நல்லதம்பிக்கு எழுதுகிற கார்டில், "பையன் சுகம். வேறு விசேஷமில்லை," என்று எழுதினாள். வாழைப் பாத்தியில் ஊற்றியதெல்லாம் நல்ல பால் என்பதைக் கார்டில் எப்படி எழுதுவது? அது ஆறு மாதத்துப் பால். எத்தனை சிரட்டை என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க, நோட்டுகளை எடுத்துத் திருத்துவாள்.

பங்குனியில் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் மருதாயி வந்து இறங்கினாள். மத்தியானச் சாப்பாட்டு மணிக்குப் பிரகதாம்பாள் தெருவைத் தாண்டி ஓடிவந்து அறைக்குள் நுழைந்தபோது, மூலையில் முறுக்குத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மதினி. எப்ப வந்தீங்க? ராசாத்தி வரலையா?"

"கூப்பிட்டேன். செவந்திய விட்டுட்டு வரமாட்டேண்டுச்சு."

அவள் குரல் கேட்டுப் பையன் தூளியில் துள்ளினான். பிரகதாம்பாள் ஒரு கணம் நின்றாள். முதுகெல்லாம் வேர்வை. உச்சி வெயில் தலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. பிறகு பையனைத் தூக்கி, மருதாயிக்கு எதிரிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டாள்.

மருதாயி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை வேணாந்தா என்று சொல்லவில்லை. அறைக்குள் பிள்ளை குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எம்புட்டு நாளா இப்படி?"

"வந்த அன்னியிலேருந்து."

"வயித்தால போகலையா?"

"ஒரு நாளும் இல்ல."

மருதாயி எழுந்து கிட்டே வந்தாள். குனிந்து பிள்ளையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தொடையைப் பிடித்துப் பார்த்தாள். கெட்டியான தொடை. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்தாள்.

ஐந்து வருசமாக ஒரு கேள்வியைப் பிரகதாம்பாள் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பஸ்ஸில், உலைக்கு முன்னால், நோட்டுகளுக்கு நடுவில். கோபமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், அழுதும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது வந்தபோது அது சாதாரணமாகத்தான் வந்தது, உப்பு இருக்கிறதா என்று கேட்கிறமாதிரி.

"ராசாத்திக்கும் இப்படியே குடுத்திருக்கலாம்ல மதினி?"

மருதாயி பிள்ளையின் தொடையிலிருந்து கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே முந்திரித் தோப்பில் காய்ந்த இலைமேல் ஆடு ஒன்று நடந்துபோகிற சத்தம் கேட்டது. பையன் ஒருபக்கம் குடித்து முடித்துவிட்டான். பிரகதாம்பாள் அவனை மறுபக்கம் மாற்றினாள்.

"அப்ப," என்றாள் மருதாயி, "சந்தனத்துக்கு என்ன ஆச்சு?"

சந்தனம் யார் என்று பிரகதாம்பாளுக்கு முதலில் புரியவில்லை. மருதாயியின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, மூன்றாம் நாள் போன அந்தப் பிள்ளை. பெண் பிள்ளையாக இருக்க வேண்டும்.

தண்ணீர், ஈ, பேதி என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு நடத்துகிற சுகாதாரப் பாடம் அவள் நாக்குவரை வந்தது. அதை முப்பது வருசத்துக்கு முன்னால் யாராவது இவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னால் ஆறுதலாகப் போய் விழுமா, அடியாகப் போய் விழுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரில் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

மருதாயி பதிலுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து, முறுக்குத் தூக்கைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனாள்.